சந்துக்குள் இருக்கும் சின்னப் புத்தர் கோயிலுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நகரங்களில் கடைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவே, ஏதோ ஒரு சந்துக்குள் சின்னதாக ஒரு புத்தர் கோயில் இருக்கும். தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் ஒரு தடவைகூட உள்ளே போயிருக்க மாட்டார்கள். ஆசை இருக்கும். “நாம் போகலாமா, போனால் என்ன செய்வது, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ” என்ற தயக்கம் வாசலிலேயே நிறுத்திவிடும். சுற்றுலாப் பயணிகள் வரும் பெரிய கோயில்களில் டிக்கெட், அறிவிப்புப் பலகை, வழிகாட்டி எல்லாம் உண்டு. தெருக்கோயிலில் ஒன்றும் இருக்காது. நான் பல வருடங்களாக இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்வருகிறேன். நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன்.

நான் பௌத்த மதத்தைச் சேர்ந்தவர் இல்லை. உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். எந்த மதம், எந்தச் சாதி, எந்த நாடு என்று யாரும் கேட்கப்போவதில்லை. கதவு திறந்திருந்தால் தாராளமாகப் போகலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சின்ன விகாரை, அதாவது புத்தர் கோயில், பெரும்பாலும் ஒரு வீடு. பிக்குகள் என்னும் பௌத்தத் துறவிகள் அங்கேயே தூங்கி எழுந்து, சாப்பிட்டு, துணி துவைத்து, படித்து வாழ்கிறார்கள். நீங்கள் நுழைவது இன்னொருவர் வீட்டுக் கூடத்துக்குள். அங்கே இருக்கும் அமைதியும் தானாக வந்ததில்லை; காலையில் எழுந்து பெருக்குகிறவர், கதவை மெல்லச் சாத்துகிறவர், குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர் எனப் பலர் சேர்ந்து காத்து வருவது. உள்ளே போனதும் நீங்களும் அதைக் காக்கிறவர்களில் ஒருவர். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஜப்பானியத் தெருக்கோயில்களில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. பரம்பரையாக அந்தக் கோயிலோடு சேர்ந்த குடும்பங்களின் ஈமக்கடன், நினைவுச் சடங்கு, கல்லறைப் பராமரிப்பு ஆகியவைதான் அங்கே முக்கிய வேலை. முற்றம் திறந்திருந்தாலும் பிரதான மண்டபம் பூட்டியிருக்கலாம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கோயிலா, விகாரையா, மடாலயமா? எப்படிச் சொல்வது?

எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ‘விகாரை’ என்பது துறவிகள் தங்கும் இடம். இலங்கைத் தமிழர் இந்தச் சொல்லைத்தான் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். தாய்லாந்துக்காரர்கள் ‘வாட்’ என்பார்கள், திபெத்தியர்கள் ‘கோம்பா’ என்பார்கள்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: பள்ளி. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்கு அதுதான் பெயர். நாகப்பட்டினத்தில் முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரையைச் சோழர் செப்பேடுகள் ‘ராஜராஜப் பெரும்பள்ளி’ என்கின்றன. அதே ஊரில் 1856-இலிருந்து 1930-கள் வரை சுமார் 350 பௌத்த வெண்கலச் சிலைகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன. நம் பிள்ளைகள் படிக்கப்போகும் இடத்தையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். புத்தர் கோயில் வாசலில் அந்நியராக உணரும் தமிழர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அமைதி வேண்டும் என்றால் மலையிலோ காட்டிலோ கட்டியிருக்கலாமே? ஏன் இந்த நெரிசலுக்கு நடுவே?

காட்டு மடங்களும் உண்டு. ஆனால் ஊருக்கு அருகில் இருப்பதும் முதலிலிருந்தே உள்ள ஏற்பாடுதான். மகத நாட்டு அரசன் பிம்பிசாரன், புத்தர் தங்குவதற்கு எந்த இடம் பொருந்தும் என்று யோசித்ததை, துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைக் கொண்ட விநய நூல்கள் சொல்கின்றன. ஊருக்கு ரொம்பத் தொலைவாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப அருகிலும் இருக்கக் கூடாது. மக்கள் வந்துபோக வசதியாக இருக்க வேண்டும். பகலில் கூட்டம் குறைவாக, இரவில் சத்தம் குறைவாக இருக்க வேண்டும். தலைநகரமான ராஜகிருகத்தை ஒட்டிய தன் மூங்கில் தோட்டம் அப்படிப்பட்ட இடம் என்று பட்டதால் அதைக் கொடுத்தான். சங்கத்துக்கு, அதாவது பிக்குகளின் சமூகத்துக்கு, கிடைத்த முதல் இடம் வேணுவனம் என்ற அந்த மூங்கில் தோட்டம்தான்.

இதில் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பிக்கு சமைப்பதில்லை, சம்பாதிப்பதில்லை. காலையில் பாத்திரத்தை ஏந்திப் போனால் சோறு போட வீடுகள் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊர்க்காரர்களுக்கும் வேலை முடிந்து வரும் வழியில் அரை மணி நேரம் உட்கார ஓர் இடம் வேண்டும். சந்துக்குள் இருக்கும் உங்கள் விகாரை அந்த மூங்கில் தோட்டத்தின் வழியில் வந்ததுதான்.

எந்த நேரம் போவது நல்லது?

தனியாக உட்கார வேண்டுமானால் வார நாளில் காலை ஒன்பது, பத்து மணி. இல்லையென்றால் பிற்பகல் மூன்று, நான்கு மணி. வழிபாட்டைப் பார்க்க வேண்டுமானால் அதிகாலை அல்லது மாலை.

இலங்கை, தாய்லாந்து, மியான்மர் வழிவந்த தேரவாத விகாரைகளில் பதினொரு மணியிலிருந்து நண்பகல் வரை போவதைத் தவிர்க்கலாம். பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு திட உணவு சாப்பிடுவதில்லை. அவர்களுடைய கடைசிச் சாப்பாடு அந்த நேரத்தில்தான். அப்போது போய்ச் சந்தேகம் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஆனால் சாப்பாட்டு நேரம் போய்விடும், மறுநாள் காலை வரை வயிறு காய வேண்டும்.

அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகள் ஆகிய நான்கும் உபோசத நாட்கள். அன்று வெள்ளை உடுத்திய பக்தர்கள் எட்டு ஒழுக்க விதிகளை ஏற்று நாள் முழுக்க அங்கேயே இருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தனிமை கிடைக்காது.

என்ன உடுத்துவது?

தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். உட்கார்ந்து எழ வசதியான, சரசரக்காத துணியாக இருக்கட்டும். தொப்பி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். வாசனைத் திரவியம் அதிகம் வேண்டாம். சின்ன அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பக்கத்து ஆளுக்கு அது தொந்தரவு.

புத்தர் உருவம் அச்சிட்ட சட்டை, உடம்பில் புத்தர் பச்சை இரண்டையும் பக்தியின் அடையாளமாக நாம் நினைக்கலாம். பல பௌத்த நாடுகளில் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 2014-இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது வேறு விஷயம். பச்சை இருந்தால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். சீனக் கோயில்கள் பலவற்றில் செருப்போடே உள்ளே போவார்கள். மற்றவர்கள் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கழற்றியதை ஓரமாக, ஒழுங்காக வையுங்கள். ஜப்பானியக் கோயில்களில் முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பது வழக்கம். வாசலில் உயரமான மரப்படி இருந்தால் மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

உள்ளே போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். நின்று பாருங்கள்.

சும்மா சொல்லவில்லை. முதல் முறை போகிறவர்கள் செய்யும் பிழைகள் எல்லாம் அவசரத்தில் வருபவை. நுழைந்ததுமே எதையாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். ஊதுபத்தியைத் தேடும், போனை எடுக்கும். ஒரு நிமிடம் வாசல் ஓரத்தில் நின்றால் எல்லாம் தானாகத் தெரியவரும்: யாராவது தியானத்தில் இருக்கிறார்களா, எந்தப் பக்கமாக நடக்கிறார்கள், பாய் எங்கே விரித்திருக்கிறது, எந்த இருக்கை பிக்குவுக்கானது. கண்ணுக்கு இருட்டு பழகுவதற்கும் அந்த ஒரு நிமிடம் வேண்டும்.

போனை வாசலுக்கு வெளியிலேயே அணைத்துவிடுங்கள். அதிர்வில் வைத்தால் போதும் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஒரு நாள் மரத்தரையில் வைத்திருந்த என் போன் அதிர்ந்தபோது, பத்துப் பேர் இருந்த அறை முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் போதுமான பாடமாக இருந்தது.

பிறகு கைகூப்பி ஒரு வணக்கம். சுற்றி வர இடமிருந்தால் வலமாக, அதாவது சிலையோ தூபியோ உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். திபெத்தியக் கோயிலில் மந்திர உருளைகளையும் கடிகார முள் சுற்றும் திசையிலேயே உருட்ட வேண்டும். நம் கோயில்களில் பிரதட்சிணம் செய்து பழகியவர்களுக்கு இதில் புதிது எதுவும் இல்லை.

எல்லோரும் மூன்று முறை விழுந்து வணங்குகிறார்கள். நானும் செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. மூன்று முறை என்பது புத்தர், தம்மம் என்ற அவருடைய போதனை, சங்கம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொன்று. நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள் ஆகிய ஐந்தும் தரையில் படும்படி வணங்குவார்கள். மனம் ஒப்பினால் செய்யுங்கள். ஒப்பவில்லை என்றால் கைகூப்பி நில்லுங்கள். நம்பிக்கை இல்லாமல் மற்றவர்களைப் பார்த்து விழுவதைவிட மரியாதையாக நிற்பது மேல் என்பது என் எண்ணம். அங்கே இருப்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தரையில் எப்படி உட்கார்வது? எனக்கு முழங்கால் வலி உண்டு.

சம்மணம் போடலாம், இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கி வைக்கலாம், மண்டியிட்டு உட்காரலாம். பாதம் சிலையையோ பிக்குவையோ நோக்கி நீளக் கூடாது. தாய்லாந்து மரபில் இதை மிகவும் கவனிப்பார்கள்.

முழங்கால் வலி என்றால் நாற்காலி கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. செருப்புப் போட்டவருக்கும், தலையை மூடியவருக்கும், பிக்குவைவிட உயரமான ஆசனத்தில் உட்கார்ந்தவருக்கும் அறம் உரைக்கக் கூடாது என்று பிக்குகளுக்கு விதிகள் உண்டு. இந்த மரியாதைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் அந்த விதி ஒவ்வொன்றிலும் “நோயாளியாக இல்லாதவருக்கு” என்ற சொல் சேர்ந்தே வருகிறது. உடம்பு முடியாதவருக்கு விலக்குக் கொடுத்துவிட்டுத்தான் விதியையே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்வதை யாராவது முறைத்துப் பார்த்தால் அறியாதவர் அவர்தான்.

ஒவ்வொரு கோயிலிலும் புத்தர் ஒவ்வொரு மாதிரி இருக்கிறாரே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கைகளைப் பாருங்கள். இரண்டு கையும் மடியில் இருந்தால் தியானம். வலக்கை முழங்காலைத் தாண்டி விரல்நுனி மண்ணைத் தொட்டால், ஞானம் பெற்ற இரவில் பூமியைச் சாட்சிக்கு அழைத்த நொடி. உள்ளங்கையை நம்மை நோக்கி உயர்த்தியிருந்தால் “அஞ்சாதே”. இரண்டு கையும் மார்பருகே விரல்களைச் சேர்த்திருந்தால் சாரநாத்தில் செய்த முதல் உபதேசம். வலப்புறம் சாய்ந்து படுத்திருந்தால் குசிநகரில் நிகழ்ந்த பரிநிர்வாணம், அதாவது புத்தரின் மறைவு. பலர் நினைப்பதுபோல ஓய்வெடுக்கும் கோலம் மட்டும் இல்லை. காது நீண்டு தொங்குவது இளவரசராக இருந்தபோது கனமான குண்டலம் அணிந்ததன் அடையாளம்.

பெரிய வயிறோடு சிரிப்பவர் கௌதம புத்தர் இல்லை. அவர் புடாய் என்ற சீனத் துறவி. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பார்கள். இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் வடிவமாக அவரைக் கருதுகிறார்கள். சீன, வியட்நாமியக் கோயில்களில் வெள்ளை ஆடையோடு பெண் வடிவில் நிற்பது குவான்யின். இந்தியாவில் அவலோகிதேஸ்வரர் என்ற ஆண் வடிவத்தில் இருந்த அதே போதிசத்துவர்தான் (புத்தராகும் பாதையில் இருப்பவர்தான்) அவர். இலங்கை விகாரைகளில் ஒரு பக்கம் விஷ்ணுவும் கதிர்காமக் கந்தனும் இருப்பார்கள். முருகனை அங்கே பார்த்துத் திகைத்து நின்ற நண்பர்கள் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் புத்தரை மனித உருவில் செதுக்கவே இல்லை. வெறும் ஆசனம், பாதச்சுவடு, சக்கரம், அரசமரம் இவற்றால்தான் காட்டினார்கள். காந்தாரத்திலும் மதுராவிலும் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டித்தான் மனித உருவச் சிலைகள் பரவத் தொடங்கின. அதனால் விகாரை முற்றத்தில் ஓர் அரசமரம் நின்றால் அதை வெறும் நிழலுக்கு வைத்தது என்று நினைத்துக் கடந்துபோகாதீர்கள். சிலையைவிடப் பழைய வழிபாடு அது. இலங்கையின் அநுராதபுரத்தில் இன்றும் தழைத்து நிற்கும் போதி மரம், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்தை புத்தகயாவிலிருந்து கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்பது மரபு.

பூ, ஊதுபத்தி கொண்டுபோக வேண்டுமா?

கட்டாயமில்லை. வெறுங்கையோடு போகலாம். கொண்டுபோக விரும்பினால் பூ நல்லது. இலங்கை வழக்கத்தில் பூவை முகர்ந்து பார்க்காமல் படைப்பார்கள். அப்போது ஓதும் பாலி வரிகள் எனக்கு மனப்பாடம்: “புப்பம் மிலாயாதி யதா இதம் மே, காயோ ததா யாதி வினாஸபாவம்.” இந்தப் பூ வாடுவது போலவே என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்று பொருள். புத்தரைக் குளிர்விக்கப் பூ வைப்பதில்லை. வைக்கிறவர் தனக்குத்தானே ஒன்றை நினைவூட்டிக்கொள்கிறார். பூவின் அழகைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்லும்போது ஏதோ ஒன்று நெஞ்சில் இறங்கும்.

ஊதுபத்தியை வாயால் ஊதி அணைக்க வேண்டாம். கையால் விசிறி அணையுங்கள். சிறிய, காற்றோட்டம் குறைந்த கோயில் என்றால் ஒன்றே ஒன்று ஏற்றினால் போதும்.

வரம் கேட்கலாமா?

தேரவாத மரபில் புத்தர் வரம் தரும் கடவுள் இல்லை. வழி காட்டிவிட்டுப் போன ஆசிரியர். சீனா, ஜப்பான் போன்ற நாடுகளின் மகாயான மரபில் குவான்யின், அமிதாபர் என்ற புத்தர் போன்றோரிடம் முறையிடுவது வழிபாட்டின் பகுதியே. நடைமுறையில் எல்லாக் கோயிலிலும் தேர்வு எழுதும் பிள்ளைக்காகவும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவுக்காகவும் கண்ணை மூடி நிற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மனதில் ஒரு வேண்டுதல் இருந்தால் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை.

பிக்குவை எப்படி அழைப்பது? கைகொடுக்கலாமா?

கைகூப்பினால் போதும். அவர் பதிலுக்குக் கைகூப்பாமல் இருக்கலாம். தேரவாத வழக்கம் அப்படி, அலட்சியம் இல்லை. அழைப்பதற்குத் தேரவாத பிக்கு என்றால் “பந்தே”, தாய்லாந்து மரபில் ஆசிரியர் என்றால் “அஜான்”, திபெத்தியர் என்றால் “லாமா”, கொரியத் துறவி என்றால் “சுனிம்”. ஒன்றும் நினைவில்லையா? “சுவாமி” என்று மரியாதையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

தேரவாத பிக்குகள் பெண்களைத் தொடுவதில்லை. தாய்லாந்து விகாரைகளில் ஒரு பெண் ஏதாவது கொடுத்தால், பிக்கு தரையில் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைக்கச் சொல்வார். இலங்கை விகாரைகளில் பெண்கள் நேராகவே தானத்தைக் கையில் கொடுப்பதைப் பார்க்கலாம். அந்தந்த இடத்துப் பெண்களைப் பார்த்து நடந்துகொள்வது நல்லது. இது விதியைக் காப்பதற்கான ஏற்பாடு, உங்களைக் குறைத்துப் பார்ப்பதில்லை. பிக்குணிகள் இருக்கும் கோயில்களில் இதே கட்டுப்பாடு ஆண்கள் விஷயத்தில் வரும்.

அவரிடம் என்ன பேசுவது?

உங்களுக்கு உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேளுங்கள். “நிர்வாணம் என்றால் என்ன” என்று கேட்டால் நீண்ட விளக்கம் கிடைக்கும். “எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது, என்ன செய்யலாம்” என்று கேட்டால் இன்னும் உதவியான பதில் கிடைக்கும். அவருக்கு வேறு வேலை இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதுமானது. இன்னும் பேச வேண்டும் என்றால் எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அவர்கள் ஓதுவது புரியவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதா?

ஆம், கேட்டாலே போதும். தேரவாத விகாரையில் கேட்பது பாலி மொழி. முதலில் “நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மாசம்புத்தஸ்ஸ” என்று மூன்று முறை வரும். பிறகு “புத்தம் சரணம் கச்சாமி” என்று தொடங்கும் மும்மணிச் சரணம், அப்புறம் ஐந்து ஒழுக்கங்கள்: கொல்லாமை, களவாடாமை, தகாத காமம் இன்மை, பொய்யாமை, மது அருந்தாமை. கவனித்துக் கேட்டால் சரணம், சீலம், தானம் எனப் பாதிச் சொற்கள் நமக்குப் பழக்கமானவையே.

சீன, ஜப்பானியக் கோயில்களில் பெரும்பாலும் இதய சூத்திரம் என்ற சிறிய பௌத்த நூலை ஓதுவார்கள். பரவலாக ஓதப்படும் சீன வடிவத்தில் அது 260 எழுத்துகளே. கூடவே டொக் டொக் என்று தட்டும் மரக்கருவி மீன் வடிவில் இருக்கும். மீன் கண் மூடுவதில்லை. விழிப்போடு இரு என்பதற்கு அடையாளம்.

தேரவாத விகாரையில் ஓதி முடித்து மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினால், விருப்பம் இருந்தால் கையை நீட்டுங்கள். இல்லையென்றால் கைகூப்பிவிட்டு விலகி இருக்கலாம்.

தியானம் செய்யத் தெரியாது. வெளியே வேறு ஹாரன் சத்தம். எப்படி?

முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் திரும்பக் கூட்டி வாருங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை. முதல் நாளுக்கு இவ்வளவே போதும், பத்து நிமிடம் தாராளம்.

சத்தத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இது. முதல் மாதங்களில் ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்கு எரிச்சல் வரும். “கொஞ்சம் அமைதியாக விடமாட்டார்களா” என்று உள்ளே ஒரு வழக்கு நடக்கும். ஒரு மழை நாளில், தெருவில் பஸ் நின்று பிரேக் அழுத்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு எரிச்சல் எழுந்தது. இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. எரிச்சல் மட்டும் பாய்மேல் என்னோடு உட்கார்ந்திருந்தது. மலைக்கோயிலில் உட்கார்ந்திருந்தால் இதைக் கண்டுகொள்ள எனக்கு வெகுகாலம் ஆகியிருக்கும். நகரத்துக் கோயிலை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜென் கோயிலில் குழுவாக உட்கார விரும்பினால் முதல் முறை வருபவர்களுக்கான அறிமுக வகுப்புக்குப் போங்கள். ஒரு அமர்வு பெரும்பாலும் அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம் நீளும், ஆரம்பித்த பின் உள்ளே நுழைய முடியாது. சோட்டோ பிரிவில் சுவரைப் பார்த்தபடியும், ரின்சாய் பிரிவில் ஒருவரை ஒருவர் எதிர்நோக்கியபடியும் உட்கார்வார்கள். தூக்கம் வந்தால் அது தவறில்லை. கண்ணைப் பாதி திறந்து பார்வையைத் தரையில் வையுங்கள்.

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். அங்கே போனால் ஆறுதல் கிடைக்குமா?

கிடைக்கலாம், போய்வாருங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் “ஏன் அழுகிறாய்” என்று கேட்காத இடம் அது. குழந்தையைப் பறிகொடுத்த கிசா கோதமி மருந்து கேட்டு வந்தபோது, சாவே விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்பிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். அப்படி ஒரு வீடு இல்லை. அவளைத் தேற்றியது அந்த அலைச்சலும் ஒவ்வொரு வீட்டுக்காரர் சொன்ன கதையும்தான் என்று நான் நினைக்கிறேன்.

பிக்குவிடம் விஷயத்தைச் சொன்னால் இறந்தவர் பெயரைச் சொல்லிப் புண்ணியத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறு சடங்கைச் செய்வார். தேரவாதத்தில், அவர்கள் ஓதும்போது ஒரு குடுவையிலிருந்து கிண்ணத்துக்குள் மெல்ல நீர் வார்க்கச் சொல்வார்கள். கிண்ணம் நிறைந்து வழியும். மழைநீர் ஆறுகளை நிரப்பி ஆறுகள் கடலை நிரப்புவது போல, இங்கே கொடுப்பது போனவர்களைச் சென்றடையட்டும் என்பது ஓதும் வரிகளின் பொருள். எள்ளும் நீரும் இறைத்துப் பழகிய கைகளுக்கு அது அந்நியமாக இருக்காது.

பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை இருந்தால் கோயிலோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள். ஒன்றுக்கு மற்றது தடை இல்லை.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வணங்குகிறவர் முகத்தை எடுக்க வேண்டாம். சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது இலங்கை போன்ற இடங்களில் பெரிய அவமரியாதை. என் யோசனை, முதல் வருகையில் படமே எடுக்காதீர்கள்.

பணம் கொடுக்க வேண்டுமா?

கட்டணம் இல்லை. உண்டியல் இருந்தால் முடிந்ததைப் போடுங்கள். பிக்குவின் கையில் பணம் கொடுக்காதீர்கள். பணத்தைத் தொடக் கூடாது என்ற விதியைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்களுக்கு அது சங்கடம். மின்சாரக் கட்டணம், தண்ணீர், கூரை ஒழுகல் என்று சின்ன விகாரைக்கு நம் வீட்டுக்கு இருக்கும் செலவெல்லாம் உண்டு. அடிக்கடி போகிறவர் என்றால் இப்போது என்ன தேவை என்று நிர்வாகத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பது சிறந்தது. ஒரு மணி நேரம் முற்றம் பெருக்கிக் கொடுப்பதும் தானம்தான்.

“இவ்வளவு கொடுத்தால்தான் இந்தச் சடங்கு” என்று யாராவது வற்புறுத்தினால் மரியாதையாக மறுத்துவிட்டு வந்துவிடலாம். தெருவில் காவி உடையோடு வந்து மணிமாலையைக் கையில் திணித்துப் பணம் கேட்பவர்கள் பல பெருநகரங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விகாரைக்கும் சம்பந்தமில்லை.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். தியான நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அரசமரம், மணி, மீன் வடிவக் கருவி என்று அவர்களுக்குப் பார்க்க நிறைய இருக்கும். வைசாக பௌர்ணமி நாளில் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் ஒரே பௌர்ணமியில் என்பது தேரவாத மரபு. பெரும்பாலும் மே மாதத்தில் வரும். 1999-இல் ஐக்கிய நாடுகள் சபையும் அந்த நாளை அங்கீகரித்தது. இலங்கை விகாரை என்றால் காகிதக் கூடுகளில் விளக்கு தொங்கும். தாய்லாந்து விகாரை என்றால் மெழுகுவத்தி ஏந்தி மூன்று முறை வலம் வருவார்கள். சீனக் கோயில்களின் புத்தர் பிறந்தநாள் விழாவில், விரலை உயர்த்தி நிற்கும் குழந்தை புத்தருக்கு அகப்பையால் நீர் ஊற்றலாம். வரிசையில் முதலில் நிற்பது எப்போதும் பிள்ளைகள்தான்.

மதம் மாறச் சொல்வார்களோ?

எனக்கு ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை. உபாலி என்ற செல்வந்தர் சமண மரபை விட்டுப் புத்தரைப் பின்பற்ற வந்தபோது, “நன்றாக ஆராய்ந்து பார்த்துச் செய்யுங்கள்” என்றுதான் புத்தர் சொன்னார். வந்த பிறகும், இதுவரை நிகண்டர்களுக்கு, அதாவது சமணத் துறவிகளுக்கு, சோறு போட்ட வீடு, அதை நிறுத்த வேண்டாம் என்றார். எந்த இடமாக இருந்தாலும், அங்கே உங்களை அவசரப்படுத்தினால், குடும்பத்திலிருந்து பிரிக்கப் பார்த்தால், கேள்வி கேட்டால் கோபப்பட்டால், திரும்பப் போகாதீர்கள்.

ஏதாவது தவறாகச் செய்துவிட்டால்?

தெரியாமல் செய்ததற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். யாராவது திருத்தினால் நன்றி சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். பிக்குவின் ஆசனத்தில் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட என்னை ஒரு பாட்டி கையைப் பிடித்து எழுப்பித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அன்று முழுக்க எப்போது எழுவது, எப்போது வணங்குவது என்று முழங்கையால் இடித்து இடித்துச் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு பல வருடங்கள் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது?

உட்கார்ந்த மெத்தையைத் தட்டிச் சீராக்கி எடுத்த இடத்திலேயே வையுங்கள். பாய் நீங்கள் விரித்தது என்றால் சுருட்டி வையுங்கள். ஒருமுறை கைகூப்புங்கள். செருப்பை வாசலில் டப்பென்று போடாமல் குனிந்து வைத்துக் காலை நுழையுங்கள். உள்ளே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கதவின் தாழ்ப்பாளைக் கையால் பிடித்துக்கொண்டே மெல்லச் சாத்துங்கள்.